ஆடிட் நாளில் ஆப்பிள் தோட்டம்

"பாக்கலாம், மோந்து பாக்கலாம், பறிக்க மட்டும் கூடாது" என்று காந்தளூர் மலைத் தோட்டக்காரர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். விடியும் முன்னே திருப்பூரில் கிளம்பிய பனியன் கம்பெனி வேன். ஒன்பது சிறுமிகள், துணைக்கு அவர்களில் ஒருத்தியான ஆஷாவின் அம்மா விஜயராணி, பொறுப்புக்குக் கீதாஞ்சலி. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி; கம்பெனி ஆபீசில் சேர்ந்து ஒரு மாதம். "நல்லா வேலை செய்யற பிள்ளைகளுக்கு டூர்" என்று மேனேஜர் பிரதீப் சொன்னதை அப்படியே நம்பி வந்திருந்தாள்.

பழங்கள் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு கன்னம் மட்டும் சிவப்பு. தோட்டக்காரரே மனமிளகி ஒன்றைப் பறித்து ஆஷாவிடம் நீட்டினார்.

"எத்தனாவது படிக்கிற கண்ணு?"

ஆஷா சட்டென்று விறைத்து நின்றாள். "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க சார். ஓவர்டைம் பாக்கறதில்லைங்க சார்."

"அடேங்கப்பா! அப்ப எனக்கு நூத்தியிருபது!" அவர் கடகடவென்று சிரித்தார்.

கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் மேடம் கம்பெனிக்கு வரும் நாள் இன்று. கூட்டிக் கழித்துப் பார்க்கப் பட்டம் தேவையில்லை. டூராவது மண்ணாவது! பிள்ளைகளை மலையில் ஒளித்துவைக்க அவளையே ஆளாகப் பிடித்திருக்கிறார்கள்.

செல்போன் அடித்தது. பிரதீப்.

"ஏனுங்க கீதா, பொழுது உழுந்து வந்தாப் போதுங்க. மேடம் இன்னும் இருக்காங்க."

"இந்தப் பிள்ளைங்களுக்கு என்ன வயசுங்க சார்?"

"உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமாங்க?" மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

துண்டித்தாள். மேடத்தின் நம்பர் அவளிடம் இருந்தது. கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த புகார் எண். இங்கிலீஷில் இருந்ததால் ஒரு தொழிலாளியும் படிக்காதது. அழுத்தப் போனபோது விஜயராணி குறுக்கே வந்து நின்றாள்.

"யாருக்குப் போடுற?"

"ஆடிட் மேடத்துக்கு. ஆஷாவுக்குப் பன்னண்டாக்கா, பதிமூணா?"

"படிச்ச திமிரு பேசுதோ? அவ அப்பன் படுத்த படுக்கையா கெடக்கான். இவ வேலையும் போச்சுன்னா ஒன் பட்டத்த வேகவச்சுத் திங்கவா?"

இவளோடு வாதாடிக்கொண்டு நின்றால் மேடம் கிளம்பிவிடுவார்; நாளைக்கு இந்தப் பிள்ளைகள் மறுபடியும் பனியனில் நூல் பிசிறு வெட்ட நிற்பார்கள். அழுத்தினாள்.

"எம் மக பேர மட்டும் சொல்லிறாத" என்றாள் விஜயராணி. குரல் இறங்கியிருந்தது.

மறுமுனையில் மேடம் பேசினார். கீதாஞ்சலி தன் பெயரைச் சொன்னாள், கம்பெனியைச் சொன்னாள், ஒன்பது பேர் என்றாள். பிள்ளைகளின் பெயர் கேட்டார். பெயர் இல்லாவிட்டால் அப்படி யாருமே இல்லை என்று பிரதீப் கைவிரித்துவிடுவான்.

விஜயராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆஷா" என்றாள்.

பளாரென்று அறை விழுந்தது. போன் தெறித்துப் புல்லில் கிடந்தது. கீதாஞ்சலி குனிந்து எடுத்து, அறை விழாத காதில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கேனுங்க மேடம். எழுதிக்கங்க, அடுத்த பேரு."