சிட்னிக்கு ஒரு ட்ரிப் ஷீட்

நான்கு தாள்களையும் ஸ்டியரிங்மீது விரித்து வைத்துக்கொண்டு கிருபாகரன் முதல் வரியிலிருந்து படித்தான். சிறுசேரி ஐ.டி. பூங்காவின் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்து நிழலில் வண்டி நின்றிருந்தது. ஐந்து மணி பிக்கப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. காலையில் மகள் சிநேகா சிட்னியிலிருந்து போனில் அனுப்பியதைக் கேளம்பாக்கத்தில் கலர் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். போனிலேயே படித்திருக்கலாம்தான். ஆனால் மகள் போட்டுக் கொடுத்த வெளிநாட்டுப் பயணத்தைத் தாளாகப் பிடித்துப் படிப்பதில் ஒரு கெத்து இருந்தது. பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்க வேண்டும், இவன் பெரிதாக ஒன்றுமில்லை என்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வண்டிக்காரனோ வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அம்மாவும் படிக்க வேண்டுமே என்று சிநேகா எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருந்தாள். நாளுக்கு ஒரு நிறம். கிளம்பும் இடம், இறங்கும் இடம், நேரம், எதில் போவது, ஓரத்தில் குறிப்பு. பதினெட்டு வருடமாகக் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு இதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சு அசலாக ட்ரிப் ஷீட். ஏர்போர்ட்டில் பிக்கப், துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் டிராப். அன்று சாயந்திரம் பாலத்தடியில் நடை. இரண்டாம் நாள் படகு, மிருகக்காட்சி சாலை, பிறகு பல நாட்டுக்காரர்கள் கடை போட்டிருக்கும் தெருவில் சாப்பாடு. 'வியட்நாம், லெபனான், கிரீஸ், எது வேணும்னாலும் சாப்பிடலாம்ப்பா. அம்மாவுக்குக் காரம் வேணும்னா தாய்லாந்து.' மூன்றாம் நாள் பூங்கா. நான்காம் நாள் கடற்கரை, 'அம்மாவுக்குக் கடல் பிடிக்கும்.' இதைப் படித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் பதினோரு வருடமாக அறை பெருக்கி, படுக்கை விரித்து, ஜன்னல் கண்ணாடியில் படியும் உப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறவள் சந்திரம்மா. அவளுக்குக் கடலைக் காட்ட விமானம் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம்.

ஜெயப்பிரியாதான் முதலில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். படூரில் இறங்குகிற பெண், இரண்டு வருடப் பழக்கம். தாள்களைப் பார்த்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சிட்னியாண்ணா? சூப்பர்! நான் ஆன்சைட்ல ஆறு மாசம் அங்கதான் இருந்தேன். பொண்ணு எந்த ஏரியா?"

"வெஸ்ட்மீடுன்னு சொல்லிச்சும்மா."

"ஆமாமா, நம்ம ஆளுங்க நெறைய பேரு அந்தப் பக்கம்தான். சிட்டியிலேர்ந்து ட்ரெயின்ல ஒரு முக்கா மணி நேரம் ஆகும்." தாள்களைப் புரட்டினாள். கடைசிவரை போய் மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். "அது இதுல இல்லையேண்ணா. வீட்டுக்கு என்னைக்குப் போறீங்க?"

"அதுக்கின்னாம்மா, போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிருபாகரன் வண்டியைக் கிளப்பினான்.

படூரில் அவளை இறக்கிவிட்டு, அவள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண் பயணி வீட்டுக்குள் போகும்வரை டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. கம்பெனி விதி. அவள் போன பிறகும் அவன் எடுக்கவில்லை. தாள்களை மறுபடி விரித்தான். ஷீட்டில் இல்லாத இடத்துக்கு வண்டி போகாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. மூன்றாம் நாளில், பச்சை நிறத்தில், ஒரே ஒரு வரி இருந்தது. மாலை 4.00 முதல் 4.45 வரை, பூங்காவில் பெரிய அத்திமரத்துக்கு எதிர் பெஞ்ச், சிநேகாவும் குழந்தையும் வருவார்கள். காலையில் அந்த வரியைப் படித்தபோது, அங்கே வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள் என்று எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால் 4.45க்குக் கீழே, '5.10 படகு, ஓட்டல்' என்று இருந்தது.

அவனுக்கு ஏனோ இதே படூர் ஞாபகம்தான் வந்தது. இங்கேதான் சிநேகா இன்ஜினியரிங் படித்தாள். காலை ட்ரிப் முடித்து வரும் வழியில் அவளைக் காலேஜுக்கு ஏற்றிக்கொண்டு வருவான். "தெருமுனையிலயே நிறுத்துப்பா, நான் நடந்துக்கறேன்" என்பாள். அப்பன் டிரைவர் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள், வயசு அப்படி, என்று அவனும் சிரித்துக்கொண்டே நிறுத்துவான். வண்டியின் பின் கண்ணாடியில் காலனிப் பையன்கள் சங்கத்தின் நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தால் ஊரில் எந்தப் பக்கத்து ஆள் என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் விளங்கும். அவள் மறைத்தது டிரைவரை அல்ல என்பது இத்தனை வருடம் கழித்து, அதே படூரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கேட்டுவிட்டான். திருப்போரூர் காலனி வீட்டில், சந்திரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சுற்றி வளைக்காமல் கேட்டான். "வூடு இல்லியேம்மா இதுல?"

சிநேகா காரில் உட்கார்ந்து பேசினாள். எப்போதும் காரில்தான் பேசுவாள். வேலைக்குப் போகிற அவசரம் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள்.

"அப்பா, மாமாவும் அத்தையும் மூணு வருஷ விசால வந்து எங்ககூடத்தான் இருக்காங்க. என்னைக் கட்டிக்கிட்டாருன்னு நாலு வருஷம் ஹரியோட பேசாம இருந்தவங்க, குழந்தை பிறந்த பிறகுதான் பேசுறாங்க. இங்க மதுராந்தகத்துக்காரங்களே பத்துக் குடும்பம் இருக்கு. அவங்ககிட்டல்லாம் என் சைடுல யாரும் இல்லைன்னு மாமா சொல்லி வெச்சிருக்காரு."

"யாரும் இல்லன்னா? செத்துப் பூட்டோம்னா?"

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. நெட் நின்றுபோனதா, மகள்தான் அசையவில்லையா என்று தெரியவில்லை. போன புதிதில் இவள்தான் அவனிடம் பெருமையாகச் சொன்னாள், இது எல்லா நாட்டுக்காரர்களும் சேர்ந்து வாழும் ஊர், இங்கே ஒருவனும் ஒருவனைப் பார்த்து நீ என்ன ஆள் என்று கேட்க மாட்டான் என்று. அவன் அதை ஸ்டாண்டில் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். சீனாக்காரனும் லெபனான்காரனும் கேட்கவில்லைதான். கேட்பதற்கு மதுராந்தகத்திலிருந்து சம்பந்தி கோதண்டராமன் விமானம் ஏறிப் போயிருக்கிறார்.

"இன்னொண்ணுப்பா" என்றாள் சிநேகா, குரலைத் தாழ்த்தி. "விசா ஃபார்ம்ல, அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேப்பாங்க. இல்லைன்னு போட்டுடுங்க. சுத்திப் பாக்க வர்றோம்னு மட்டும் இருக்கட்டும். இருக்குன்னு போட்டா எங்க அட்ரஸ் கேப்பாங்க, லெட்டர் வரும், போன் வரும். வீட்ல மாமாதான் எடுப்பாரு."

கிருபாகரன் வாயைத் திறப்பதற்குள் சந்திரம்மா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரிம்மா. இல்லன்னே போட்டுக்கறோம். நீ கொயந்தைய மட்டும் இட்டாந்துடு. அந்த பெஞ்சாண்ட நாங்க மூணு மணிக்கே வந்து குந்திக்கறோம்."

போனை வைத்த பிறகு அவன் கத்தினான். பெற்ற பெண்ணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ஊருக்கே படகு சவாரி போவதா, இதைவிட ஒரு கேவலம் உண்டா என்று. சந்திரம்மா கொடியில் காய்ந்த துண்டை உருவி மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு ஓரத்தையும் சுருட்டி, வளைத்து, நடுவில் இழுத்துவிட, தும்பிக்கையும் காதுமாக ஒரு யானை உட்கார்ந்தது. ரிசார்ட்டில் குழந்தையோடு வருகிறவர்களின் கட்டில்மேல் இதைச் செய்து வைப்பாள். வெள்ளைக்காரக் குழந்தைகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவேன் என்று அழுமாம்.

"நம்ம கொயந்தைக்கு ஒண்ணு செஞ்சித் தரணும்யா" என்றாள். "வேற இன்னா குடுத்தாலும் எங்கேர்ந்து வந்துச்சின்னு அந்த வூட்ல கேப்பாங்க. இத்தக் குடுத்துட்டு, அவிழ்த்துட்டா வெறும் துண்டுதானே."

"ஓட்டல் டவலைத் தூக்கிகினு பார்க்குக்குப் போவியா நீ?"

"போவேன். எனக்கின்னா வெக்கம்? நாப்பத்தஞ்சு நிமிசம்யா. பதினோரு மாசமா போன்லயே பாத்துகினு கீறேன். ஒருவாட்டி மேல போட்டுக்கறேன். நீ இல்லன்னே போடு. போடறேன்னு சொல்லு."

"போடறேன்" என்றான்.

உண்மையாகத்தான் சொன்னான். வியாழக்கிழமை கேளம்பாக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்காரும்வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தான். சந்திரம்மாவுக்கு டியூட்டி, அவன் மட்டும் போயிருந்தான். ஃபார்ம் போட்டுக் கொடுக்கும் ஹெலன் சின்னப் பெண், வாயில் சூயிங்கம். பேர், பாஸ்போர்ட் நம்பர், வேலை, எத்தனை நாள் என்று கடகடவென்று அடித்துக்கொண்டு போனவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள், "அங்க சொந்தக்காரங்க யாருனா கீறாங்களா அங்கிள்?"

ஒரு வார்த்தை. நாக்கில் தயாராகத்தான் இருந்தது. ஹெலன் தானாகவே மவுஸை நகர்த்திக்கொண்டு, "யாரும் இல்லல்ல? இல்லன்னு போட்டுர்றேன்" என்றாள். டூருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அப்படித்தான் போடுவாள் போலிருக்கிறது. அவளுக்கு அது ஒரு கட்டம். ஆனால் கிருபாகரனுக்கு, மதுராந்தகத்துக் கோதண்டராமன் தன் பின்னால் நின்று தோள் வழியாக எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"கீறா" என்றான். சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "எம்பொண்ணு கீறா. எழுதிக்க. சிநேகா கிருபாகரன். அட்ரஸ் கீது, போன் நம்பர் கீது. பேரக்கொயந்தை ஒண்ணு கீது. எல்லாத்தையும் எழுது."

ஹெலன் சூயிங்கத்தை நிறுத்திவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுதினாள். அனுப்பி முடித்ததும் அதன் நகலை அவனே சிநேகாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். ஒளிக்க என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அப்படி நிமிர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இரண்டு கோடும் நீலமானது. பதில் இல்லை. வீட்டில் சந்திரம்மா, "போட்டியாய்யா?" என்று கேட்டதற்கு, "போட்டாச்சி" என்றான். அவள் எதைப் போட்டாய் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், ரிசார்ட்டுக்கு வெளியே அவளை ஏற்றிக்கொள்ளக் காத்திருந்தபோது போனில் மெயில் வந்தது. சிநேகா அவன் பேரில் அறை போட்டிருந்த சிட்னி ஓட்டலிலிருந்து. ஆங்கிலத்தில் இருந்தாலும் முதல் வரியில் இருந்த கேன்சல் என்கிற சொல் அவனுக்கு நன்றாகப் பழக்கமானது. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கிறான். பயணி கேன்சல் செய்துவிட்டால் டிரைவர் காரணம் கேட்க முடியாது, அடுத்த ட்ரிப்புக்குப் போக வேண்டியதுதான். மெயிலைப் படித்து முடிப்பதற்குள் சிநேகாவிடமிருந்து மெசேஜும் வந்துவிட்டது. 'இப்ப வேணாம்ப்பா. அப்புறம் பாத்துக்கலாம். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.'

சந்திரம்மா பின்பக்கத்து ஊழியர் கேட் வழியாக வந்தாள். சீருடையை மாற்றியிருந்தாள். முகத்தில் களை இருந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கைத்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "சூப்பர்வைசர் விஜயகுமாரி மேடம் குடுத்தாங்க. ஓரம் கிழிஞ்சதாம், கழிச்சிட்டாங்க. பெரிய டவல்னா கொயந்தைக்குத் தூக்க முடியாது பாரு. இதுலன்னா கைக்கடக்கமா வருது." மடியில் வைத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். சவுக்குத் தோப்பு, மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடைகள், இன்னும் நாலு ரிசார்ட் எல்லாம் கடந்து போயின. திருப்போரூர் ரோட்டில் திரும்பியதும் சொல்லிவிட்டான். மகள் கேன்சல் செய்துவிட்டாள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவள் மகளைத் திட்டுவாள், இவன் தப்பித்துவிடலாம். அந்த ஒரு பொய் அவனுக்கு வரவில்லை. ஃபார்மில் என்ன எழுதினான் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

யானைக்கு ஒரு காது முடிந்து, இன்னொரு காது பாதியில் இருந்தது. சந்திரம்மாவின் விரல்கள் அப்படியே நின்றன. அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

"போடறேன்னு எங்கையில சொன்னியே" என்றாள்.

"எப்படி சந்திரா போடச் சொல்ற? பெத்த பொண்ண..."

"அவ இல்லன்னு சொன்னா, நீ கீதுன்னு சொன்ன. ரெண்டு பேருக்கும் மானம் கீது, ரோசம் கீது. எனக்கு அந்தக் கொயந்த மட்டுந்தான் இருந்துச்சி. என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

தான் செய்தது சரி என்றுதான் அவனுக்கு இப்போதும் பட்டது. சரியாக இருந்தும் இப்படி இருக்கிறதே என்று அவனுக்குப் பேஜாராக இருந்தது.

காலனித் தெரு வரும் இடத்தில் இண்டிகேட்டர் போட்டான். வளைந்து உள்ளே போனால் ஆறாவது வீடு.

"இங்கியே நிறுத்து" என்றாள் சந்திரம்மா.

"வூட்டாண்ட வுடறேனே."

"தெருமுனையிலயே நிறுத்துய்யா. நான் நடந்துக்கறேன்."

நிறுத்தினான். இண்டிகேட்டர் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் இறங்கி, கதவை மெதுவாகவே சாத்திவிட்டு, தெருவின் நடுவில் நடந்து போனாள். கையில் பிடித்திருந்த துண்டு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து, தும்பிக்கை போய், காது போய், வெறும் துண்டாகத் தொங்கியது. கிருபாகரன் வண்டியை எடுக்கவில்லை. அவள் ஆறாவது வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, கதவில் கை வைத்தபடி நின்றாள். உள்ளேயும் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவள் உள்ளே போகட்டும் என்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.