ஃபெலிசிடேட்

அழைப்பிதழில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று ஆயம்மாள் கேட்டதும், ஷிரின் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். எல்லாம் ஆங்கிலம். பெயருக்கு அருகில் நீளமாக ஒரு சொல் நின்றது.

“இது இன்னா பாப்பா?”

“ஃபெலிசிடேட். மேடையில கூப்ட்டு, சால்வ போட்டு கவுரவிக்கிறது, அக்கா.”

அந்தத் தனியார் பள்ளியின் அலுவலகத்தில் ஷிரினுக்கு இரண்டு வருட வேலை. ஆயம்மாளுக்குப் பதினோரு வருடம். வகுப்பறைகளைக் கூட்டுவாள், காலையும் மாலையும் வேனில் பிள்ளைகளோடு போய்வருவாள். போன மாத மழையில், சின்னசேலம் சாலையில் அந்த வேன் வழுக்கி ஏரிக்குள் இறங்கியது. அவள் கண்ணாடியை உடைத்து ஒன்பது பிள்ளைகளையும் ஒவ்வொருவராக வெளியே தள்ள, கை முறிந்த டிரைவர் இளவரசன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஒற்றைக் கையால் வாங்கிக் கரையேற்றினான். எல்லோரும் பிழைத்தார்கள்.

மறுநாளே அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த கருணாபுரத்துக்காரன் என்றதும் அவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் சாராயம் குடித்துச் செத்ததிலிருந்து அவன் அந்த வாடை வந்தாலே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவான் என்பது, நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆயம்மாளுக்குத் தெரியும். பள்ளியில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

“இத்த யாரு வேணா, யாருக்கு வேணா பண்லாமா?”

ஷிரின் யோசித்தாள். “பண்லாம். ஆனா நமக்கு நாமளே பண்ணிக்க முடியாது. பெருசா ஒன்னு செஞ்சவங்களுக்கு, நாலு பேரு முன்னாடி இன்னொருத்தரு பண்ணணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சால்வ வாங்கிக்கினு எறங்கிட்டா போதுமாம்கா. நீங்க ஒன்னும் பேச வேணாம்னு தாளாளர் சொன்னாரு.”

ஆயம்மாள் அந்தச் சொல்லை வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே இளவரசன் வீட்டுக்குப் போனாள்.

“நா வர்லக்கா. என்ன பாத்தா அடிக்க வருவாங்க,” என்றான் அவன்.

“நா இருக்கேன். வா.”

சனிக்கிழமை மதியம் பந்தல் நிறையப் பெற்றோர். தாளாளர் பொன்னிறச் சால்வையைப் போர்த்தினார். கைதட்டல் ஓய்ந்தது, படமும் எடுத்தாகிவிட்டது. படியைக் கைகாட்டினார்கள். ஆயம்மாள் மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

“நானும் ஒருத்தர பெலி... ஃபெலிசிடேட் பண்ணணும்.”

சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். “இளவரசா, மேல வா.”

வாசல் கேட் ஓரம் நின்றிருந்த அவன் அசையவில்லை. மைக் அணைந்தது. அவள் படியிறங்கி நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய், சால்வையை எடுத்து அவன் கட்டுப் போட்ட கையின்மேல் போர்த்தினாள். திரும்பி நின்றாள். பதினோரு வருடம் வேனிலிருந்து பிள்ளைகளைக் கூவி அழைத்த குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

“இவன் குடிக்கல. நா பக்கத்துல ஒக்காந்துகினு வந்தேன். டயரு மொட்டயா கீது, மாத்துங்கன்னு மூணு தபா ஆபீசுல சொன்னான்.”

“அப்படி யாரும் சொல்லலைங்க!” தாளாளர் மேடையோரம் நின்றிருந்த ஷிரினைப் பார்த்தார். “நீயே சொல்லும்மா.”

ஷிரினின் கையில் பரிசுத்தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“சொன்னாரு சார். மூணு தபாவும் நாந்தான் எழுதி உங்க மேசைல வெச்சேன்.”

ஏரியிலிருந்து மீண்ட ஒரு பிள்ளையின் அப்பா எழுந்தார். மேடைப் பக்கம் வரவில்லை. கட்டடத்தின் பின்னால், மற்ற ஆறு வேன்களும் நின்ற இடத்துக்குப் போனார். அவர் பின்னாலேயே இன்னொருவர், பிறகு ஒரு வரிசையே எழுந்து போனது. சலவை வேட்டியோடு அந்த அப்பா மண்ணில் குந்தி, முதல் வேனின் டயரில் உள்ளங்கையை வைத்து இழுத்தார். கை எதிலும் தட்டாமல் வழுவழுவென்று கீழே இறங்கியது.