எண்ணாமல் எழுதிய இருபது

காலை பத்து மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நுரையீரல் தொற்றோடு ஐந்து நாளாகப் படுத்திருந்த வெல்டர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, வார்டு நர்ஸான நான்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெல்டரின் கையில் குத்தியிருந்த ஊசியை எடுக்கப் போனேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பொத்தானுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா... இருக்கேன்."

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை சிஸ்டர்," என்றாள் மனைவி. எதைக் கேட்டாலும் அவளே முந்திக்கொண்டாள்.

மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வயிற்றைப் பார்த்தேன். முழுதாக ஒரு நிமிடம். முப்பத்துநான்கு; இருபதுக்குள் இருக்க வேண்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் காறையெலும்புக்கு மேலே குழி விழுந்தது. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தேன். வலப்பக்கம் கீழே காற்றுப் போகிற சத்தமே இல்லை.

"ஒரே மூச்சுல முப்பது வரைக்கும் எண்ணுங்கண்ணே."

ஏழில் நின்றுவிட்டார்.

"கணக்குல மச்சான் என்னைக்கு பாஸாகியிருக்காரு?" என்றான் தம்பி. "வண்டி வெளியே நிக்குது, விடுங்க சிஸ்டர்."

வெல்டர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

சார்ட்டைப் புரட்டினேன். மூச்சுக் கட்டத்தில் இருபது, இருபது, இருபது. எங்கள் வார்டில் எல்லோருக்கும் இருபதுதான். எண்ண நேரமில்லாதபோது போடுகிற எண் அது. டாக்டர் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். கடைசி இரண்டு இருபதும் நான் எழுதியவை.

டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கையெழுத்திட்ட தாளைக் கிழித்துப்போட்டார். ஆக்சிஜனை மாட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினோம். மனைவி துணிப்பையோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"காலையிலகூட மூச்சு சரியா இருக்குன்னுதானே சிஸ்டர் சொன்னீங்க?"

"எண்ணாமலே எழுதிட்டேன்க்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"அப்ப நீங்க கூடவே போங்க. அவரைக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. நம்பாதீங்க."

கட்டிலோடு நானும் உள்ளே போனேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, மனைவி வெளியிலேயே நின்றாள்.