சாவோலிங் சுரங்கத்துக்கு முன்

மூன்றாம் முறையும் சர்வர் என்னை உள்ளே விடவில்லை.

எல்லாம் எங்கள் எச்சரிக்கை மையத்தில் என்னோடு வேலை பார்க்கும் குவான்லின் செய்த வேலை. யாரோ ஓயாமல் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிறார்கள், இனி ரகசியச் சாவிக் கோப்பு உள்ளவர்கள் மட்டும் நுழையட்டும் என்று மேலிடம் சொன்னது. புண்ணியவான் தன் சாவியைச் சோதித்தான். என்னுடையதைச் சோதிக்காமலே பாஸ்வேர்டு வழியை அடைத்துவிட்டு, புயல் வருவதற்குள் அம்மாவிடம் போய்விட வேண்டுமென்று இலானுக்கு ரயிலேறிவிட்டான். சர்வர் இருப்பதோ நேரில் போய்த் தொட முடியாத தூரத்தில், தெற்கே காவ்சியுங்கில்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு ‘வெளியேறுங்கள்’ என்ற செய்தியை இப்போதே அனுப்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அனுப்பும் அதிகாரம் என் கணக்குக்கு மட்டும்தான். அவன் அம்மா இருப்பதும் அந்தக் கரையில்தான். போனில் அவனைப் பிடித்தேன்.

“சர்வருக்குள்ள இருக்கியா?”

“இருக்கேன்க்கா. ஃபுலோங் ஸ்டேஷன்ல வாங்கின டப்பா சோறு சாப்பிட்டுக்கிட்டே...”

“சோத்தைக் கீழ வைடா! என் சாவி வேலை செய்யல.”

“ஐயோ! லேப்டாப் பேட்டரி வேற சிவப்புல இருக்கு. சார்ஜரு...”

“இங்க ஆபீஸ்ல தொங்குது. ரொம்ப அழகா தொங்குது.”

“சர்வர் சொன்ன பேச்சு கேக்கணும்னு அது தலையில ராசிக்குப் பச்சை நொறுக்குப் பொட்டலம் வெச்சோமே!”

“அந்த நொறுக்கு போன மாசமே காலாவதிடா. என் ஃபோல்டர்ல என்ன பண்ணித் தொலைச்ச?”

“உங்களுக்குச் சிரமம் வேணாம்னு யாரும் எழுதலாம்னு திறந்து விட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். “என் சாவிக்கான பூட்டு அந்த ஃபோல்டர்லதானே இருக்கு? யாரு வேணா வந்து மாத்தலாம்னா சர்வர் அதை எப்படி நம்பும்? என்னைத் தவிர யாரும் எழுத முடியாதபடி மூடு.”

“அக்கா, சாவோலிங் சுரங்கம் வருது, சிக்னல் போயிடும்!”

“பேசாம அடி!”

தட்டும் சத்தம் கேட்டது. ரயிலின் இரைச்சல் கூடியது. “போட்டுட்டேன்...” என்பதற்குள் இணைப்பு அறுந்தது.

போட்டது போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே நின்றதா? சொல்ல ஆளில்லை. மறுபடி உள்ளே நுழைய விசையை அழுத்தினேன். ஒரு கணம் திரை அப்படியே நின்றது. பிறகு திறந்தது. செய்தியை அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

சுரங்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அவன் அழைத்தான்.

“அம்மா மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டாங்கக்கா. நான் கூப்பிட்டு எவ்வளவோ கெஞ்சினேன், அசையல. மெசேஜ் வந்தப்புறம்தான் எழுந்தாங்களாம்.”

“வேற என்ன சொன்னாங்க?”

“இதை அனுப்புறவங்ககிட்ட பொறுப்புன்னா என்னன்னு கத்துக்கோடான்னாங்க.”