சுவரை அழித்த கை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. தங்கச்சி சாப்பிடும்போது புலம்பியதைச் சுட்டேன். அவள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேலை பார்க்கிறாள். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய கம்பி ஒன்று. அதில் ஒரு பாதியின் காந்தம் இந்தப் பக்கம் பார்க்கும், மறுபாதி அந்தப் பக்கம். நடுவே இருக்கும் எல்லைக்குச் சுவர் என்று பேர். அதைப் படம் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு.

(படத்தைத் துல்லியமாக்கினால் சுவர் மறைந்துவிடும், கொஞ்சம் கலங்கலாக விட்டால்தான் கோடாகத் தெரியும். இதை உவமையாக்கி உங்கள் கழுத்தை அறுக்க மாட்டேன்.)

2

முதல் தொடக்கம்: 'மூன்று வாரம் பாடுபட்டு நிறுத்திய சுவரை, சோடாபுட்டி ஒரே அமுக்கில்—'

இங்கே பேனா நின்றுவிட்டது. சோடாபுட்டி அவளுடன் வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர்; தடித்த கண்ணாடிக்காக அந்தப் பேர். சுவரைப் பார்க்கும்போது கருவியின் பெரிய லென்ஸ் அணைந்தே இருக்க வேண்டும். போட்டால், அதன் காந்தப்புலமே சுவரை வழித்துக்கொண்டு போய்விடும். யாரோ போட்டுவிட்டார்கள். பதிவேட்டில் அன்றைய மதியத்துக்கு அவர் பேர். வெள்ளிக்கிழமை அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும். ஆய்வகத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம்.

ஆனால், அடுத்தவர் நாற்காலியை நகர்த்தக்கூட அனுமதி கேட்கிற மனுஷன் இவர். வில்லனாக எடுபடவில்லை.

3

வரைவை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அவர் வர்றதுக்கு முன்னாடியே சுவர் போயிடுச்சுண்ணா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் லென்ஸைப் போட்டேன். மத்த வேலைக்கெல்லாம் அதைப் போட்டுத்தான் பார்ப்போம். கை பழகிப்போச்சு. தலைவர் அவரைத் திட்டுறப்போ எனக்கு வாய் வரலை."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அதற்கு முன்பே, நல்ல கதை சிக்கிவிட்டது என்ற சந்தோஷம் வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு அ: தலைவரிடம் அவளே போய்ச் சொல்கிறாள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. சோடாபுட்டி மேசையைக் காலி செய்கிறார், அவளிடமும் விடைபெற்றுக்கொண்டு.

அ-வை எழுதினேன், அதில் வருபவள் என் தங்கச்சியாகவே இல்லை. ஆ தடங்கலின்றி வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

5

இன்று வியாழன். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "அந்த மூணாவது பகுதிய எடுத்துடுண்ணா." சரி என்றேன்.

அதை எடுத்துவிட்டால், இது சோடாபுட்டி செய்த தப்பைப் பற்றிய கதை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முடிவை நான் எழுதப்போவதில்லை.

நீங்கள் மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். அவளுக்கு அது இன்னும் தெரியாது.