வளைவில் வந்த இருமல்

வடகரப்பதி பொங்கியண்ணனும் வேலந்தாவளத்துத் துணிக்கடை அப்துல் நாசரும் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கியபோது ஊரே சிரித்தது. கூட்டுக்கு எருமை வாங்கினாலே பால் யாருக்கு, சாணி யாருக்கு என்று சண்டை வரும். ஆனால் இவர்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. ஒரு வாரம் கார் பொங்கியண்ணன் களத்தில் நிற்கும், மறு வாரம் நாசர் கடை வாசலில் நிற்கும்.

சத்தம் முதலில் வந்தது பொங்கியண்ணன் முறையில்தான். கடலைக்காய் மூட்டைகளோடு வாய்க்கால் திருப்பத்தில் ஸ்டீயரிங்கை வளைத்தார். காலுக்குக் கீழே எங்கேயோ 'டொக்' என்றது. நேர் ரோட்டில் கார் பூனை மாதிரி போனது. திருப்பினால் மட்டும் டொக். மூட்டை ஏற்றித்தான் வண்டி கெட்டது என்று நாசர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே என்று பயந்து, காரைப் பளபளவென்று துடைத்து, சந்தனப் பொட்டும் வைத்து ஒப்படைத்துவிட்டார். மறு வாரம் கார் மல்லிகைச் சரத்தோடு திரும்பி வந்தது. நாசர் மூச்சுக் காட்டவில்லை. பாவம், மனுஷனுக்குக் காது மந்தம் போல என்று பொங்கியண்ணன் நிம்மதியானார்.

அந்தத் தை மாதம் சித்தூரில் அவருடைய தங்கை மயிலாத்தாளின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் முகூர்த்தத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சீர்ப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கிளம்பியது. பொங்கியண்ணன் ஓட்ட, பக்கத்தில் நாசர். பின்னால் பொங்கியண்ணனின் மனைவி கமலாத்தாளும் நாசரின் மனைவி ஷரீஃபாவும்.

முதல் வளைவு வந்ததும் சத்தத்தை மறைக்கப் பொங்கியண்ணன் பலமாக இருமினார். அதே நொடியில் நாசரும் இருமினார். அடுத்த வளைவிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் நாசரின் இருமல் ஒருபடி தூக்கலாகவே இருந்தது.

"ஏனுங்க, வளவு வந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே இருமலு வருதே, அதென்னங்க நோவு?" என்றாள் கமலாத்தாள்.

"நேராப் போறப்ப நல்லாத்தானே இருக்காங்க அக்கா," என்றாள் ஷரீஃபா. "இதுக்குக் கஷாயம் கேக்காது. ரோட்டத்தான் நிமுத்தோணும்."

"அடுத்த வளவுல ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டுத் திருப்புங்க, பாக்கலாம்," என்றாள் கமலாத்தாள்.

பொங்கியண்ணன் வாயை மூடிக்கொண்டு திருப்பினார். டொக்.

பனைமர நிழலில் கார் நின்றது.

"மாப்ளே, உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றார் பொங்கியண்ணன்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சும்மா இருக்கற நாள்ல நீ எப்பக் காருக்குச் சந்தனம் வெச்சே?"

முதல் பழி சீர்ப் பாத்திரங்கள் மேல் விழுந்தது. அண்டாவையும் குடங்களையும் இறக்கி ரோட்டோரம் வைத்தார்கள். நின்ற காரிலேயே நாசர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினார். டொக், டொக்.

"வண்டி நகராமயே தட்டுதே. அப்பச் சக்கரம் சுத்தறதால இல்ல மாப்ளே, திருப்பற சாமான்லதான் ஏதோ ஆடுது," என்றார் நாசர். "ஒருத்தரு திருப்போணும், ஒருத்தரு கீழ படுத்து ஒவ்வொரு மூட்டாத் தொட்டுப் பாக்கோணும்."

இரண்டு பேரும் தங்கள் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மூட்ட ஏத்துனவரே படுக்கட்டும்," என்று கமலாத்தாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பொங்கியண்ணன் சாக்கை விரித்து அடியில் புகுந்தார். நாசர் திருப்பத் திருப்ப, சக்கரத்தோடு சேரும் மூட்டுகளில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் துடிக்கவில்லை. இணைப்புத் தண்டைப் பிடித்தார். அதுவும் சரி. கை மேலே ஏறி, ஸ்டீயரிங் தண்டு வந்து இறங்கும் இரும்புப் பெட்டியைத் தொட்டபோது உள்ளங்கையில் 'டொக்' என்று அறைந்தது. பெட்டியே வண்டியின் சட்டத்தை விட்டு ஆடிக்கொண்டிருந்தது. மூன்று போல்ட்டில் இரண்டு தளர்ந்திருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

அவர் வெளியே வந்து சொன்னதும் நாசரின் முகத்தில் சிரிப்பு வற்றியது. "மீதி ரெண்டும் போயிருந்தா திருப்பறப்போ வண்டி திரும்பியிருக்காது. ஒரு மாசமா இதுலதான ஊட்டுக்காரங்களையும் ஏத்தித் திரிஞ்சோம்."

பொங்கியண்ணன் பின்சீட்டைப் பார்த்தார். பெண்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கமலாத்தாளுக்குக் கேலி வரவில்லை. அது அவரை என்னவோ செய்தது.

முன் பம்பரிலிருந்து அளவு ஒத்த ஒரு போல்ட்டைக் கழற்றி அந்த ஓட்டையில் பூட்டினார்கள். மற்ற இரண்டையும் ஸ்பேனரில் மாறி மாறித் தொங்கி முறுக்கினார்கள். நாசர் திருப்பினார். சத்தமே இல்லை.

"ஊருக்குத் திரும்புனதும் பட்டறைல உட்டுப் பாக்கோணும்," என்று கமலாத்தாள் கண்டிப்பாகச் சொல்ல, இருவரும் பள்ளிப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள்.

பாத்திரங்களை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தலுக்குள் நுழைந்தபோது முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மயிலாத்தாள் ஓடி வந்து அண்ணனின் வேட்டியைப் பார்த்து மலைத்துப்போனாள். "ஏனுங்ணா, கல்யாணத்துக்கு வந்தீங்களா, செக்காட்டிப்போட்டு வந்தீங்களா?"

நாசர் கல்யாண மாப்பிள்ளைக்கென்று கொண்டுவந்த பட்டுக்கரை வேட்டியின் கட்டைப் பிரித்து நீட்டினார். "கட்டு மாப்ளே. கல்யாணப் பையனுக்கு நாளைக்கு வேற ஒண்ணு கொண்டாந்து குடுத்துக்கறேன்."

மடிப்புக் கலையாத வேட்டியில் விறைப்பாக மேடையேறிய பொங்கியண்ணனைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர், "மாப்பிள்ளை இப்படி நடுவில் வரணும்," என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"அவரு ஒருக்கா மாப்பிள்ளையானதே போதுமுங்க," என்று பெண்கள் வரிசையிலிருந்து கமலாத்தாளின் குரல் வந்தது. "உட்டுப்போடுங்க."

பந்தலே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது யார் என்று பார்க்கப் பொங்கியண்ணன் திரும்பவேயில்லை. அது நாசர் என்று அவருக்குத் தெரியும்.