துண்டுக்குள் நடுங்கிய கை

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் புலிக்குப் பயந்ததைவிட உதுமான் ராவுத்தரின் வலதுகைக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

அன்றெல்லாம் ஏலக்காய்க்கு யாரும் வாய்விட்டு விலை சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகரும் ஒரு துண்டுக்குள் கைகோத்து, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். தரகரின் கை அசையாமல் கிடந்தால் சம்மதம். உதறினால் கட்டாது என்று அர்த்தம். தரகரான உதுமான் ராவுத்தரின் கை துண்டுக்குள் போனதுமே உதறத் தொடங்கிவிடும். வந்தவர் விலையை ஏற்றுவார்; உதறும். இன்னும் ஏற்றுவார், அப்போதும் உதறும். கம்பத்து மொத்த வியாபாரி மீரான் ராவுத்தர் ஒருமுறை அப்படிக் கைகொடுத்துவிட்டு, ஏறிய விலைக்கு வண்டியையும் மாட்டையும் ஈடுகட்டிவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். மாடு கூடவே போயிற்று.

உண்மையில் அது நடுக்குவாதம். சும்மா இருக்கும்போதுதான் அதிகம் ஆடும். ஆகையால் மற்ற நேரங்களில் ராவுத்தர் அந்தக் கையை இடுப்பு வாருக்குள் செருகிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி நடப்பார். விஷயம் தெரிந்தவர்கள் அவர் மனைவி மதீனா, எங்கள் டாக்டர் காசிராஜன், அவரிடம் கம்பவுண்டராக மருந்து கலக்கிக்கொண்டிருந்த நான், அவ்வளவுதான்.

நடுக்க நோய்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிச் சீமைக்கு அனுப்புவது காசிராஜனின் கனவு. தேவாரத்தில் தலை ஆடுகிறவர், ராசிங்காபுரத்தில் கால் ஆடுகிறவர் என்று மாட்டுவண்டியில் தேடிப் போவார். அவரிடம் ஒரு கருவி இருந்தது. சுழலும் உருளையில் கரிப்புகை ஏற்றிய காகிதம். நோயாளியின் விரலோடு கட்டிய முள் அதில் நடுக்கத்தைக் கோடாகக் கிழிக்கும். உதுமான் ராவுத்தரின் விரலைக் கட்டியபோது குரங்கணி மலை தொடங்கி மலைத்தொடர் முழுவதும் சிகரம் சிகரமாகக் காகிதத்தில் எழுந்தது. டாக்டர் அதைக் குழந்தையைப் போலத் தூக்கிக் கொஞ்சினார்.

புது மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்கும்படி டாக்டர் பலமுறை கெஞ்சியும் ராவுத்தர் மசியவில்லை. ஓடுகிற வியாபாரத்தை யார் நிறுத்துவார்கள்? பிறகு ஒருநாள் அவராகவே வந்தார். மகள் கமர்நிசாவை மீரான் ராவுத்தரின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிக்காவில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டும்.

"அங்க துண்டு கெடையாது டாக்டரய்யா. ஊரே பாக்கும். வாதம் புடிச்ச வீடுன்னு தெரிஞ்சா எம்புள்ளைய எவன் கூட்டிட்டுப் போவான்?"

மருந்து, ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கையான ஏதோ ஒரு சீமைச் செடியின் சத்து. நானே கலக்கிக் கொடுத்தேன். நிக்கா அன்று கை கல்லாகிவிட்டது. கூடவே வாயும் வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் கருவியோடு பந்தலின் ஓரத்தில் பதுங்கி உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கையைப் பிடித்தான். பிடித்தவன் முகம் வெளுத்தது. ஏலக்காய்க் கடையிலேயே வளர்ந்த பையன் அல்லவா? கையை உருவிக்கொண்டு தகப்பன் காதில் ஏதோ சொன்னான். மீரான் ராவுத்தர் எழுந்து வந்தார்.

"ஒரு மூட்டை ஏலக்காய்க்கு அந்த ஆட்டம் ஆடுற கை, பெத்த பிள்ளைய குடுக்கும்போது செத்த மீனாட்டம் கெடக்கு. வாயும் அடைச்சுப் போச்சு. இம்புட்டு லேசாத் தள்ளிவிடுறீகன்னா, பொண்ணுக்கிட்ட என்னமோ கொறை இருக்கு."

திரைக்குப் பின்னால் மதீனா விசும்புவது கேட்டது. உதுமான் ராவுத்தர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நிக்கா ஓத வந்த ஆலிம் சாகிபு சமாதானம் பேசியும் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மீரான் ராவுத்தருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் தோள்துண்டை எடுத்துப் போட்டு, அதற்குள் சம்பந்தியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் மருந்தை ஜெயித்தது. முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு கை, முழங்கை, தோள், பந்தக்கால் எல்லாம் ஆடின. மீரான் ராவுத்தரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இப்பத்தான் நீங்க நீங்களா இருக்கீக" என்றார்.

அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. பெண்ணுக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்த மஹரோடு ஒரு காசுமாலை சேர்த்தார், கை உதறிற்று. வளையல் சேர்த்தார், உதறிற்று. குரங்கணிக்கு மேலே இருந்த தன் ஏலத்தோட்டத்தையும் மருமகள் பேருக்கு எழுதி வைப்பதாகச் சொன்ன பிறகு, சபையோர் இருவர் கையையும் வலுக்கட்டாயமாகப் பிரித்தார்கள். இல்லாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கே கமர்நிசாவுக்கு வந்திருக்கும். நிக்கா முடிந்தது. மாப்பிள்ளை அந்த நடுங்கும் கையைப் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு சம்மதம் சொன்னான்.

டாக்டருக்குத்தான் துக்கம். கை நின்றதும் மறுபடி ஆடியதும் கண்ணெதிரே நடந்தும், சபை நடுவே விரலில் முள்ளைக் கட்ட வழியில்லாமல், கருவியில் ஒரு கோடுகூட விழவில்லை. மறுவாரம் ராவுத்தர் வீட்டுக்கே போய், இன்னும் ஒரே ஒரு வேளை மருந்து குடிக்கும்படி மன்றாடினார்.

ராவுத்தர் கையை இடுப்பு வாருக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"கோவிச்சுக்கிறாதீக டாக்டரய்யா. இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு."

சீமைக்குப் போன கட்டுரையில் அந்த இடத்தை நான்தான் பிரதியெடுத்தேன்: 'மருந்து நல்ல பலன் அளித்தது. குடும்ப நலன் கருதி நோயாளி அதை நிறுத்திவிட்டார்.'